அப்புக்காத்து தளபதி: அன்ரன் முத்துக்குமாருவை ஏன் மறந்தோம்?



போன கிழமை தரம் 11 வரலாறு பாடத்தில் சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இலங்கை இராணுவத்தின் தோற்றம் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம் என்று நினைத்தபோது, பின்வாங்கில் இருந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருவன் கையை உயர்த்தினான். "சேர், முதலாவது இராணுவத் தளபதி யார்?" என்று கேட்டான்.

"முதல் இருவரும் வெள்ளைக்காரர்கள். மூன்றாமவர்தான் முதல் இலங்கையர். பெயர் அன்ரன் முத்துக்குமாரு" என்றேன்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது: "முத்துக்குமாரு என்றால்... தமிழரா சேர்?"

அந்தக் கேள்வியைவிட அதைக் கேட்ட விதம்தான் என்னை யோசிக்க வைத்தது. நம்பவே முடியாத ஒன்றைக் கேள்விப்பட்டது போல அந்தப் பிள்ளை கேட்டது. வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குப் போனால், அங்கிருந்த இரண்டு சக ஆசிரியர்களுக்கும் அது புதுச் செய்தி. ஆகவேதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. பொறுமையாக வாசியுங்கள்.

புதுக்கடையில் ஒரு இளம் அப்புக்காத்து

முத்துக்குமாரு பிறந்தது 1908ஆம் ஆண்டு. கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். படித்தது மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில். அங்கிருந்து இங்கிலாந்து போய் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் படித்தார். இலண்டனில் கிறேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1930களில் ஊர் திரும்பி, நாம் இன்றும் புதுக்கடை என்று சொல்லும் அந்த நீதிமன்ற வட்டாரத்தில் அப்புக்காத்தாகத் தொழில் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் அப்புக்காத்து என்றால் என்ன மரியாதை என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். பிரக்கிராசி வழக்கைக் கொண்டுவருவார், அப்புக்காத்து கறுப்பு அங்கியோடு எழுந்து நின்று வாதாடுவார். அரசியலுக்குப் போகிறவருக்கும் அதுதான் வாசல். சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, ஜே. ஆர். ஜயவர்தன என்று அடுக்கிப் பார்த்தால் எல்லோரும் சட்டம் படித்தவர்களே. அந்த வரிசையில் நிற்கவேண்டிய ஒருவர்தான் முத்துக்குமாரு. ஆனால் அவர் வேறொரு பாதையிலும் கால் வைத்தார். இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார்.

இந்தத் "தொண்டர் படை" என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பிரித்தானியர் காலத்தில் இலங்கையருக்கென்று முழுநேர இராணுவம் இருக்கவில்லை. முன்பு இருந்தது. நம் கொம்பனித்தெரு மலாயர்களின் மூதாதையர் சேவை செய்த இலங்கை ரைபிள் படை 1870களில் கலைக்கப்பட்டது. அதன்பிறகு 1881இல் இலகு காலாட்படைத் தொண்டர் அணி உருவானது. 1910இல் இப்படியான எல்லா அணிகளும் சேர்ந்து இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரைப் பெற்றன. பகலில் கந்தோர் வேலை, நீதிமன்றம், கடை. ஓய்வு நேரத்தில் அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி. வருடத்துக்கு ஒருமுறை தியத்தலாவையில் முகாம். தோட்டத்துரைமாருக்கு என்று தனியாக ஒரு ரைபிள் அணி இருந்தது, அதில் வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். இலகு காலாட்படையில்தான் சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

அதில் அதிகாரியாவது என்றால் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் தெரிவித்து நியமனம் பெறவேண்டும். இதை மறைக்கத் தேவையில்லை. இந்தியாவில் காந்தியின் உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. இங்கே சமசமாஜக் கட்சி 1935இல் பிறக்கிறது. அதே பத்தாண்டில் ஒக்ஸ்போர்ட் படித்த ஒரு தமிழ் இளைஞர் மன்னரின் சீருடையைப் போட்டுக்கொள்கிறார். இன்றைய பார்வையில் "வெள்ளைக்காரனுக்கு விசுவாசி" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் அவ்வளவு அவசரப்படக் கூடாது.

சீருடை பற்றிய ஒரு பழைய நினைவு

முத்துக்குமாருக்கு ஏழு வயதிருக்கும்போது, 1915இல், இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை நம் சமூகத்துக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கண்டியில் தொடங்கிய கலவரம் கொழும்பு வரைக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இராணுவச் சட்டம் வந்ததும் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. இராணுவ மன்றங்கள் அவசரமாக விசாரித்துத் தண்டனை கொடுத்தன. அதில் உயிர் போனவர்களில் ஒருவர் ஹென்றி பேதிரிஸ். அவர் கொழும்பு நகரக் காவல் படையின் அதிகாரி. அதாவது அவரும் மன்னரின் சீருடை அணிந்தவர்தான். 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த அநியாயங்களை இலண்டனுக்குக் கொண்டுபோய் முறையிட்டவர்களில் முக்கியமானவர் ஈ. டபிள்யூ. பெரேரா, அவரும் ஒரு வழக்கறிஞர். சட்டசபையில் கடுமையாகப் பேசியவர் இராமநாதன். அந்த உரைகளில் தாக்கப்பட்ட முஸ்லிம்களின் வேதனைக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்ற கவலை நம் பெரியவர்களுக்கு இருந்தது, அது நியாயமான கவலைதான். ஆனாலும் இரண்டு விடயங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். நம்மைத் தாக்கியவர்கள் குற்றவாளிகள். அவர்களைத் தண்டிக்கிறோம் என்று சொல்லி சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கியிடம் தீர்ப்பைக் கொடுத்ததும் குற்றமே.

அந்தத் தலைமுறையில் சட்டம் படித்த எவருக்கும் 1915 ஒரு பாடம். துப்பாக்கி சட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும், மேலே ஏறக் கூடாது. முத்துக்குமாருவின் வாழ்க்கையை வாசிக்கும்போது இந்த ஒரு விடயத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் வந்தது

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் தொண்டர் படையினர் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். புதுக்கடை அப்புக்காத்து முழுநேரச் சிப்பாய் ஆனார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை, மட்டக்குளி மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடிய கதைகளைப் பழைய குடும்பங்களில் இன்றும் கேட்கலாம்.

அதற்கு அடுத்த மாதமே, கொக்கோஸ் தீவில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படைச் சிப்பாய்கள் சிலர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கிளர்ச்சி தோற்றது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் 1942 ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகப் பிரித்தானியர் மரண தண்டனை நிறைவேற்றிய பொதுநலவாயப் படையினர் இந்த மூவர்தான்.

ஒரே பாதுகாப்புப் படை, ஒரே வருடம். ஒரு பக்கம் கிரேஷன் பெர்னாண்டோ, இன்னொரு பக்கம் முத்துக்குமாரு. யார் தேசபக்தர் என்று கேட்டால் பலர் முதலாமவரையே சொல்லுவார்கள். எனக்கும் அந்த இளைஞர்மேல் இரக்கம் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்தது மலாயாவையும் பர்மாவையும் பிடித்து ஆட்டிப் படைத்த ஜப்பானிய இராணுவம். சயாம் மரண ரயில் பாதையில் செத்துப்போன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை நினைத்துப் பார்த்தால், அந்தப் போரில் பிரித்தானியர் பக்கம் நின்றவரை வெறும் அடிமை என்று சொல்ல என் வாய் வராது.

1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தலைமையகத்தின் காவல் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் முத்துக்குமாரு. போர் முடிந்ததும் 1946இல் இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் இலங்கைப் படையணியைத் தலைமை தாங்கி நடந்தவரும் அவரே.

புதிய நாடு, புதிய படை

1948இல் சுதந்திரம். நாட்டுக்குச் சொந்த இராணுவம் வேண்டும் என்று 1949இல் இராணுவச் சட்டம் நிறைவேறியது. அந்த வருடம் ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கை இராணுவம் பிறந்தது. முதல் தளபதியாகப் பிரிகேடியர் கெய்த்னஸ் பிரபு வந்தார். 1952இல் அவருக்குப் பின் பிரிகேடியர் சேர் பிரான்சிஸ் றீட் வந்தார். இருவரும் பிரித்தானியர்.

முத்துக்குமாரு இப்போது முடிவெடுக்க வேண்டியிருந்தது. போர் முடிந்துவிட்டது, அங்கியைப் போட்டுக்கொண்டு மறுபடி புதுக்கடைக்குப் போகலாம். நல்ல வருமானம், நல்ல பெயர். அப்படித் திரும்பிப் போன தொண்டர் அதிகாரிகள் பலர். அவர் போகவில்லை. ஒரு புதிய இராணுவத்தை அடியிலிருந்து கட்டும் வேலையில் நின்றுவிட்டார்.

1955 பெப்ரவரியில் இராணுவத் தளபதி ஆனார். அப்போது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை, அவரும் இலகு காலாட்படைத் தொண்டர் அதிகாரியாக இருந்தவர்தான். அன்றைய இராணுவம் சில ஆயிரம் பேர் கொண்ட சிறிய படை. ஆனால் அதன் தலைமையில் முதல்முறையாக ஒரு இலங்கையர் இருந்தார். அவர் ஒரு தமிழர் என்பது அன்று பெரிய செய்தியாகத் தெரியவில்லை. தகுதிப்படி அவர் வந்தார், அவ்வளவுதான். நமக்கு இன்று ஆச்சரியமாக இருப்பது அந்த "அவ்வளவுதான்" என்ற பகுதி.

1958: சோதனை

ஒரு வருடத்தில் நாடு மாறிவிட்டது. 1956 தேர்தலில் பண்டாரநாயக்க வென்றார். ஜூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டார்கள். கல்லோயாவில் இரத்தம் சிந்தியது.

புதிய பிரதமரும் ஒக்ஸ்போர்ட் படித்த பாரிஸ்டர். தளபதியும் ஒக்ஸ்போர்ட் படித்த பாரிஸ்டர். ஒருவர் தன் மேடைப் பேச்சால் எழும்பிய அலையில் ஏறி வந்தவர். மற்றவர் அந்த அலை யாருக்கு எதிராக எழும்பியதோ அந்த இனத்தில் பிறந்தவர். பிரதமரே பாதுகாப்பு அமைச்சரும் என்பதால் இருவரும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்யவேண்டும். இராஜினாமா செய்துவிட்டுப் போக முத்துக்குமாருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் இருந்தார்.

1958 மே மாதக் கடைசியில் கலவரம் வந்தது. பொலன்னறுவைப் பக்கம் தொடங்கி கொழும்புக்கு வந்தது. பாணந்துறையில் கோயில் ஐயர் ஒருவரை உயிரோடு எரித்தார்கள். வெள்ளவத்தையிலும் மருதானையிலும் புறக்கோட்டையிலும் தமிழரை இனம்கண்டு அடித்தார்கள், கடைகளைக் கொள்ளையடித்தார்கள். பிரதமர் தயங்கிக்கொண்டிருந்த நாட்களில் மேலும் உயிர்கள் போயின. மே 27ஆம் திகதிதான் அவசரகால நிலை பிரகடனமானது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க பொறுப்பைக் கையில் எடுத்தார். ஊரடங்கு வந்தது, இராணுவம் தெருவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தமிழ் அகதிகள் றோயல் கல்லூரியிலும் வேறு முகாம்களிலும் தங்கினார்கள். பிறகு கப்பல் கப்பலாக வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள்.

எங்கள் வாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கு உட்புறமாக ஒரு ஒழுங்கையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் இரண்டு இரவுகள் எங்கள் வீட்டு உள்ளறையில் இருந்தது என்று சொல்லுவார். மூன்றாம் நாள் காலையில் இராணுவ ஜீப் ஒன்று ஒழுங்கை முனையில் வந்து நின்றது. சிப்பாய்கள் இறங்கி எதுவும் பேசாமல் சும்மா நின்றார்கள். "அவங்க நின்ற பிறகு தெருவில ஒரு சத்தமும் இல்ல மகன்" என்பார். ஜீப்பில் வந்த சிப்பாய்கள் சிங்களவரா, தமிழரா, மலாயரா என்று வாப்பாவுக்குத் தெரியாது. அதைப் பார்க்கவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவும் இல்லையாம்.

அந்தச் சிப்பாய்களின் தளபதி ஒரு தமிழர் என்பதை வாப்பாவுக்கு நான்தான் பல வருடங்களுக்குப் பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இங்கே ஒரு கணம் நின்று உலகத்தையும் பாருங்கள். அதே 1958ஆம் ஆண்டில் ஈராக்கில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பர்மாவில் ஜெனரல் நே வின் கையில் ஆட்சி போனது. ஒக்டோபரில் பாகிஸ்தானில் ஜெனரல் அயூப் கான். நவம்பரில் சூடான். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளில் "அரசியல்வாதிகளால் முடியவில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தளபதிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. இலங்கையிலும் அப்படிச் சொல்ல எல்லாச் சாட்டும் இருந்தது. நாடு எரிந்தது, பிரதமர் தடுமாறினார், இராணுவம்தான் அமைதியைக் கொண்டுவந்தது, மக்கள் இராணுவத்தை வாழ்த்தினார்கள்.

அமைதி திரும்பியதும் இராணுவமும் முகாமுக்குத் திரும்பியது.

அடுத்த வருடம் செப்டம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க தன் வீட்டு வராந்தாவில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். மறுபடி நாடு ஆடியது. மறுபடி இராணுவம் தன் எல்லைக்குள்ளேயே நின்றது. டபிள்யூ. தகநாயக்க அரசியலமைப்பின்படி பிரதமர் ஆனார். அந்த வருடக் கடைசியில் முத்துக்குமாரு மேஜர் ஜெனரல் தரத்தோடு ஓய்வுபெற்றார்.

இன்னொரு அப்புக்காத்து வீட்டுப் பிள்ளை

ஓய்வுக்குப் பிறகு முத்துக்குமாரு வெளிநாட்டுத் தூதராகப் பணியாற்றினார். பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து என்று போனார். பாகிஸ்தானை ஆண்டுகொண்டிருந்தவர் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் அயூப் கான். எகிப்தை ஆண்டுகொண்டிருந்தவர் இராணுவப் புரட்சியில் வந்த நாசர். ஆட்சியைப் பிடித்த சிப்பாய்களின் நாடுகளுக்கு, பிடிக்காத சிப்பாய் ஒருவரைத் தூதராக அனுப்பியிருக்கிறோம்.

அவர் ஓய்வுபெற்று இரண்டே வருடங்களில், 1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு, இலங்கையிலும் அது நடக்கப் பார்த்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். அன்றைக்கே விடயம் கசிந்து, திட்டம் தொடங்குமுன்பே பிடிபட்டது. அதன் முக்கிய தலைவர் கேணல் எப். சி. டி சேரம்.

இந்த டி சேரம் யார்? வழக்கறிஞர் பரம்பரையில் வந்தவர், தானும் சட்டத் தொழிலில் இருந்தவர். ஒக்ஸ்போர்ட் படித்தவர். இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்தவர். தொண்டர் படையில் சேர்ந்து உயர்ந்தவர். சிங்களக் கிறிஸ்தவர். முத்துக்குமாருவுக்கும் அவருக்கும் இடையில் எத்தனை ஒற்றுமை பாருங்கள். அதே கொழும்பு, அதே ஒக்ஸ்போர்ட், அதே சட்டம், அதே தொண்டர் படை, அதே மன்னருக்கு அதே விசுவாசம். நாடு தன் கண்முன்னால் மாறிப்போவதைப் பார்த்த அதே வலி. ஒருவர் சட்டத்துக்குள் நின்றார், மற்றவர் சட்டத்தைத் தாண்டக் கால் எடுத்து வைத்தார்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். சூழ்ச்சிக்காரரைத் தண்டிக்க அரசாங்கம் 1962இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தது. நடந்து முடிந்த சம்பவத்துக்குப் பின்னாலிருந்து பொருந்தும்படி அதை எழுதினார்கள். விசாரணை மன்றம் இரண்டு தடவை கலைந்து, மூன்றாவது மன்றம் 1965 ஏப்ரலில் 24 பேரில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு பத்து வருடச் சிறை விதித்தது. அதில் டி சேரமும் ஒருவர். மேன்முறையீடு இலண்டனில் உள்ள கோமறைக் கழகத்துக்குப் போனது. அதே வருடம் டிசம்பரில் தீர்ப்பு வந்தது. குறிப்பிட்ட ஆட்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் இப்படிச் சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைப்பது, ஆகவே செல்லாது. 11 பேரும் விடுதலை.

சட்டத்தை மீறப் பார்த்தவர்களைக் கடைசியில் காப்பாற்றியது சட்டமே. இந்த வழக்கை உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆனால் நாட்டுக்கு நட்டம் வேறு இடத்தில் நடந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பான்மை சிங்கள, தமிழ், பறங்கியக் கிறிஸ்தவர்கள். அதன்பிறகு "இவர்களை நம்பலாமா?" என்ற சந்தேகம் ஆட்சியாளர்களுக்கு வந்தது. படைகளில் சிறுபான்மையினரின் இடம் வருடத்துக்கு வருடம் சுருங்கியது. கடற்படையில் றஜன் கதிர்காமர் 1970 வரை தளபதியாக இருந்தார். இராணுவத்தில் முத்துக்குமாருவுக்குப் பிறகு இன்றுவரை ஒரு தமிழர் தளபதியாக வரவில்லை, ஒரு முஸ்லிமும் வரவில்லை.

1983 ஜூலையில் வெள்ளவத்தை மறுபடி எரிந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு ஜீப் வந்து நின்றாலே அமைதியான தெருக்களில், இந்தத் தடவை சீருடையைப் பார்த்து யாருக்கும் ஆறுதல் வரவில்லை. முத்துக்குமாரு அப்போது எழுபத்தைந்து வயதில் உயிரோடு இருந்தார். நாலு வருடம் கழித்து, 1987இல், இலங்கையின் இராணுவ வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். நாடு போருக்குள் மூழ்கியிருந்த காலத்தில் அந்த முதியவர் மேசையில் குந்தி, இந்த மண்ணின் படைகளின் நீண்ட கதையை எழுதியிருக்கிறார். 2001இல் காலமானார்.

ஆக, யாருக்கு விசுவாசி?

வடக்கில் உள்ள நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டார்: "சிங்களம் மட்டும் கொண்டுவந்த அரசாங்கத்துக்குத் தளபதியாக இருந்தவரை நாங்கள் ஏன் கொண்டாடவேண்டும்?" நியாயமான கேள்வி. நான் கொண்டாடச் சொல்லவில்லை. அவர் பதவியில் இருந்ததால் சிங்களம் மட்டும் சட்டம் நிற்கவில்லை, 58 கலவரம் வராமல் போகவும் இல்லை. ஒரு தனி மனிதனால் ஒரு அரசியலை நிறுத்த முடியாது. ஆனால் அந்த அரசியலின் கையில் துப்பாக்கி தனிச்சொத்தாகப் போய்ச் சேராமல், அவர் இருந்தவரைக்கும், அது சட்டத்தின் கையில் இருந்தது. பிறகு வந்த காலங்களோடு ஒப்பிட்டால் அது சின்ன விடயம் இல்லை.

அவரை மன்னரின் விசுவாசி என்று சிலர் சொல்லலாம். சுதந்திரத்தோடு பிரித்தானியரின் ஆட்சி போனது, அவருடைய விசுவாசம் போகவில்லை. கொத்தலாவலை போனார், பண்டாரநாயக்க வந்தார், அவரும் போனார். அப்போதும் அது மாறவில்லை. அப்படியென்றால் அது ஒரு ஆளுக்கோ கட்சிக்கோ கொடுத்த விசுவாசமாக இருக்க முடியாது. புதுக்கடையில் கறுப்பு அங்கியோடு படித்துக்கொண்ட பாடத்துக்குத்தான் அவர் காக்கிச் சட்டையிலும் விசுவாசமாக இருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. "இந்த நாட்டில் நமக்கு அந்த இடம் எப்போதுமே இருந்ததில்லை" என்று ஒரு பிள்ளை நினைத்து வளர்ந்தால், அந்த இடத்தைக் கேட்கக்கூட அதற்குத் தோன்றாது. இருந்தது பிள்ளைகளே. ஒரு காலத்தில் இருந்தது. அதை எப்படி இழந்தோம் என்று படித்தால்தான் எப்படித் திரும்பப் பெறுவது என்று யோசிக்கலாம்.

அடுத்த கிழமை வகுப்பில் அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையையே எழுப்பி இந்தக் கதையைச் சொல்லச் சொல்லப்போகிறேன்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை, கொம்பனித்தெருவில் இருக்கும் மூத்தவர்களே, 1958இல் உங்கள் ஒழுங்கையில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் வாப்பா, உம்மா, அப்பா, அம்மா சொன்னதையும் எழுதலாம். யாருடைய பெயரையும் போடவேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

வஸ்ஸலாம்.